மாமியார் விழுந்தால் ஃபவுல், மருமகள் விழுந்தால் டைவ்

பழைய கன்னர்:

ஃபுட்பாலில் பெனால்டி வாங்குவதற்காக, கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்டி பாக்ஸுக்குள் 'டைவ்' அடித்து, அதாவது அடிபட்ட மாதிரி நடித்து, விழுந்து உருள்கிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எந்த வீரரும் இல்லை, நானேதான். 2009 ஆகஸ்டில் மூன்று நாள் இடைவெளியில் நான் பேசிய பேச்சு அப்படி.

அப்போது திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் இருந்தேன். கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே டிவி. ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் நம்ம ஊர் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கும். மேனேஜர் தூங்கப் போனதும் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்ப்போம். நான் ஆர்சனல் என்ற இங்கிலாந்து கிளப்பின் ரசிகன், என் பெயரில் உள்ள 'கன்னர்' அதுதான். அறைத் தோழன் அதன் போட்டி கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட்டின் ரசிகன். மதுரைக்காரன், வாய் கொஞ்சம் அதிகம்.

26-ஆம் தேதி, புதன்கிழமை. ஸ்காட்லாந்து கிளப் செல்டிக்குடன் ஆர்சனலுக்குத் தகுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டத்தை அவர்கள் ஊரான கிளாஸ்கோவிலேயே 2-0 என்று ஜெயித்துவிட்டதால் பெரிய பதற்றம் ஒன்றும் இல்லை. எங்கள் ஃபார்வர்ட் எடுவார்டோ பந்தைத் தட்டிக்கொண்டு பாக்ஸுக்குள் போகிறார், செல்டிக் கோல்கீப்பர் முன்னால் பாய்கிறார், எடுவார்டோ அவரைத் தாண்டும்போது மடிந்து விழுகிறார். ரெஃப்ரி பெனால்டி கொடுத்தார். எடுவார்டோவே அடித்தார், கோல். அப்புறம் ரீப்ளே போட்டார்கள். கீப்பரின் கைக்கும் எடுவார்டோ காலுக்கும் நடுவே ஒரு இட்லித் தட்டைச் செருகலாம்.

"காத்துக்குச் சாயுற தென்ன மரம் மாதிரி சாயுறான் பாரு" என்றான் மதுரைக்காரன்.

நான் விடுவேனா? அதற்கு முந்தைய வருஷம் பிப்ரவரியில், பர்மிங்ஹாமுக்கு எதிரான ஆட்டத்தில் எடுவார்டோவின் கால் உடைந்தது. அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அன்று சோறு இறங்கியிருக்காது. "கால் ஒடஞ்சு ஒரு வருஷம் கெடந்தவன்டா. கீப்பர் பாஞ்சு வந்தா ஒடம்பு தானா தப்பிக்கப் பாக்காதா?" என்று ஆரம்பித்து, உடற்கூறு, மனோதத்துவம் எல்லாம் பேசினேன். பேசியதில் பாதி எனக்கே நம்பிக்கை இல்லை. ஆனாலும் நிறுத்தவில்லை.

சனிக்கிழமை யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபர்டில் யுனைடெட்டுக்கும் எங்களுக்கும் ஆட்டம். எங்கள் அர்ஷாவின் தூரத்திலிருந்து அடித்த கோலில் முன்னால் இருந்தோம். இரண்டாவது பாதியில் யுனைடெட்டின் ரூனி பாக்ஸுக்குள் ஓடி, பந்தைத் தள்ளிவிட்டு, எங்கள் கீப்பர் அல்முனியாவின் மேல் விழுந்தார். கீப்பர் தொட்டது நிஜம். ஆனால் தொடுவதற்கு முன்பே ரூனி விழ ஆரம்பித்துவிட்டார் என்று நான் கத்தினேன். பெனால்டி, கோல். கொஞ்ச நேரத்தில் எங்கள் ஆள் டியாபியே எங்கள் வலைக்கே தலையால் முட்டிக் கொடுத்தார். 2-1, தோல்வி. கடைசியில் எங்கள் மேனேஜர் வெங்கர் தண்ணீர் பாட்டிலை உதைத்து, மைதானத்தை விட்டு அனுப்பப்பட்டு, யுனைடெட் கூட்டத்துக்கு நடுவே போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். அந்தக் காட்சியில் இருந்தது அவர் இல்லை, நான்தான் என்று தோன்றியது.

மதுரைக்காரன் இப்போது, "கீப்பர் பட்டானா இல்லையா? பட்டா பெனால்டி. அவ்வளவுதான்" என்றான்.

"விழணும்னு முடிவு பண்ணிட்டுத்தானடா போறான்!"

மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன், அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர், ஃபுட்பாலே தெரியாது, நிமிர்ந்து பார்த்தார். "தம்பிகளா, புதன்கிழமையும் இதே வசனந்தான். ஆள மட்டும் மாத்திக்கிட்டீங்க." சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு நடந்தது தெரிந்திருக்கும். ரெஃப்ரியை ஏமாற்றினார் என்று ஐரோப்பிய ஃபுட்பால் சங்கமான யூஇஎஃப்ஏ எடுவார்டோவுக்கு இரண்டு ஆட்டம் தடை போட்டது, அதே செப்டம்பரில் மேல்முறையீட்டில் ரத்தும் செய்தது. 'நியாயம் ஜெயித்தது' என்றேன் நான். 'பெரிய கிளப்புன்னா இப்படித்தான்' என்றான் அவன். ஐரோப்பா முழுக்க வாராவாரம் விழுகிறார்கள், எடுவார்டோவை மட்டும் ஏன் பிடித்தார்கள் என்ற கேள்வி மட்டும் எனக்கு இன்னும் நியாயமாகவே படுகிறது. ஆர்சனல்காரன் சொல்வதால் நீங்கள் நம்ப வேண்டாம்.

உங்கள் அனுபவங்களையும் போடுங்கள்.

விசில்காரன்:

மாவட்ட லீக்கில் பல வருஷமாக ரெஃப்ரியாக இருக்கிறேன். டிவியில் உங்களுக்குப் பத்து கோணம். எனக்கு ஒரே கோணம், அதிலும் நடுவே எவனாவது ஒருவனுடைய முதுகு.

விதி சுலபம்தான். பட்ட மாதிரி நடித்து ரெஃப்ரியை ஏமாற்றப் பார்த்தால் மஞ்சள் அட்டை. கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். நான் கையைப் பார்ப்பேன். நிஜமாகத் தடுக்கி விழுகிறவனுடைய கை தரையைத் தேடும், முகத்தைக் காப்பாற்ற வேண்டுமே. நடிக்கிறவன் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, நெஞ்சை முன்னால் தள்ளி, சாமி வந்த மாதிரி விழுவான். இன்னொன்று, விழுந்ததும் காலைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பான். இந்த இரண்டும் பல நேரம் சரியாக இருக்கும். ஒரு தடவை சரியாக இல்லை.

ஒரு பையன் இருந்தான், நல்ல ஃபார்வர்ட், ஆனால் 'சீன் பார்ட்டி' என்று எல்லா ரெஃப்ரிகளிடமும் பெயர். ஆட்டத்துக்கு முன்பே எதிரணிக் கோச் என்னிடம் வந்து, "சார், அந்த ஏழாம் நம்பரைக் கொஞ்சம் பாத்துக்குங்க, சும்மாவே விழுவான்" என்று ஓதிவிட்டுப் போனார். இருபதாவது நிமிஷம் விழுந்தான், கை மேலே. யோசிக்கவே இல்லை, மஞ்சள் அட்டையைக் காட்டிவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை, அதுவே என்னை உறுத்தியிருக்க வேண்டும். இடைவேளையில் தண்ணீர்க் குடம் பக்கத்தில் உட்கார்ந்து சாக்ஸைக் கீழே இறக்கினான். கணுக்காலுக்கு மேலே பூட்ஸ் ஆணி மூன்றும் வரிசையாகப் பதிந்து, வீங்கிப்போயிருந்தது. நான் பார்ப்பதை அவன் பார்த்தான். சாக்ஸை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

இரண்டாவது பாதியில் அதே அணியின் கேப்டன், நல்ல பெயர் எடுத்த ஆள், பாக்ஸுக்குள் விழுந்தான். பெனால்டி கொடுத்தேன். பட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சட்டையைப் பிடித்து இழுத்தும் விழாமல் ஓடுகிறவனுக்கு நாங்கள் விசில் ஊதுவது அபூர்வம். விழுந்தால்தான் ஃபவுலே எங்கள் கண்ணில் படுகிறது. பையன்கள் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்?

ஈஸ்ட்ஹாம் பெடியன்:

லண்டனில் இருபது வருஷமாக இருக்கிறேன். இங்கே இந்தக் கதையே வேறு மாதிரி. வெளிநாட்டான் விழுந்தால் அது ஏமாற்று, இங்கிலாந்துக்காரன் விழுந்தால் பெனால்டியை 'சம்பாதித்தான்' என்பார்கள். 1998-இலும் 2002-இலும் ஆர்ஜென்டினாவுக்கு எதிராக இங்கிலாந்தின் மைக்கேல் ஓவன் விழுந்து வாங்கின பெனால்டிகளைப் பற்றி, நினைத்திருந்தால் நின்றிருக்கலாம் என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். அதற்காக அவரை இங்கே யாரும் ஏமாற்றுக்காரர் என்று கதைத்து நான் கேட்டதில்லை.

2021-இல் ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோ நடந்தபோது வேலையிடத்து நண்பர் ஒருவரின் வீட்டில் ஆட்டம் பார்த்தோம். இத்தாலிக்கும் பெல்ஜியத்துக்கும் கால் இறுதி. இத்தாலியின் இம்மோபிலே பாக்ஸுக்குள் விழுந்து வலியில் துடித்துக்கொண்டு கிடந்தார். அந்த நேரம் அவர் அணியின் பாரெல்லா கோல் அடித்தார். உடனே இம்மோபிலே எழும்பி ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார். நண்பர் சோபாவிலிருந்து வழுக்கி விழுந்து சிரித்தார். "இத்தாலியன்கள்!" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

ஐந்து நாள் கழித்து லண்டன் வெம்ப்ளியில் இங்கிலாந்துக்கு டென்மார்க்குடன் அரை இறுதி. கூடுதல் நேரத்தில் இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் விழுந்தார். பெனால்டி. இங்கிலாந்தின் கேன் அடித்ததை டென்மார்க் கீப்பர் ஷ்மைக்கேல் தடுத்தார், திரும்பி வந்த பந்தைக் கேனே உள்ளே போட்டார். நண்பர் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்து முடித்த பிறகு கேட்டேன், "இது பெனால்டியா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "மெதுவாகத்தான் பட்டது, ஆனால் பட்டது" என்றார். இறுதி ஆட்டத்தில் அந்த இத்தாலியன்களிடமே பெனால்டி ஷூட்அவுட்டில் தோற்றதை இங்கே நான் விரித்து எழுதவில்லை, அவரும் இதை வாசிக்க மாட்டார் என்றாலும்.

2017-இல் இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம் விழுந்து ஏமாற்றியவர்களுக்கு வீடியோ பார்த்து இரண்டு ஆட்டத் தடை என்று கொண்டுவந்தது. இங்கிலாந்தின் மேல் டிவிஷனான பிரீமியர் லீக்கில் முதலில் மாட்டியவர் எவர்டனின் நியாஸ், செனகல்காரர். அடுத்து வெஸ்ட்ஹாமின் லான்ஸினி, ஆர்ஜென்டினாக்காரர். தற்செயல் என்றால் நம்புகிறேன்.

பழைய கன்னர்:

பெடியன், ஒரு சின்னத் திருத்தம். பிரீமியர் லீக்கில் நீங்கள் சொன்னது சரி. ஆனால் அந்த விதியில் அதற்கு முன்பே, கீழ் டிவிஷனில் கார்லைல் அணியின் ஷான் மில்லர் தடை வாங்கிவிட்டார். அவர் இங்கிலாந்துக்காரர்தான். தலைப்புச் செய்தி ஆகவில்லை, கார்லைல் என்பதால்.

விசில்காரன் அண்ணே, அந்தச் சாக்ஸ் விஷயம் மனசில் ஒட்டிக்கொண்டது. பெயர் கெட்டவர்களில் தப்பித்தவர் என்று எனக்குத் தெரிந்து ஜெர்மன் ஃபார்வர்ட் கிளின்ஸ்மன் ஒருவர்தான். 1994-இல் லண்டன் கிளப் டாட்டன்ஹாமுக்கு வந்தபோது 'டைவ் அடிக்கிறவர்' என்று ஊரே கேலி செய்தது. முதல் ஆட்டத்தில் கோல் போட்டதும் புல்தரையில் நெஞ்சால் டைவ் அடித்துக் கொண்டாடினார், கூட இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த சீசன் முடியும்போது இங்கிலாந்துப் பத்திரிகையாளர்களே அவரைச் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஏழாம் நம்பர் பையனுக்கு அப்படி ஒரு ஆட்டம் கிடைத்ததா?

இன்னொரு ஜெர்மன் ஃபார்வர்ட் க்ளோசவையும் சொல்ல வேண்டும். 2012-இல் இத்தாலியில் லாட்சியோ கிளப்புக்காக நாப்போலிக்கு எதிராகப் போட்ட கோல் கையில் பட்டது என்று அவரே ரெஃப்ரியிடம் சொன்னார், கோல் ரத்தானது. மேன்ஷன் நண்பனிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். "பிழைக்கத் தெரியாத ஆளு" என்றான். பிறகு, "எங்க டீமுக்கு எதிரா ஆடுறப்ப இப்படிச் சொல்லியிருந்தா நல்லவருன்னு ஒத்துக்குவேன்" என்றான்.

அவன் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான். ஆர்சனல் ஆள் பாக்ஸுக்குள் விழுந்தால், ரீப்ளே வருவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் ஒரு தென்னை மரம் வந்து விழும். யுனைடெட் ஆள் விழுந்தால் அதையே அவனுக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன். புது மரம் தேடுவதில்லை.