வேலி போட்டது 2019ல், கார்பன் ஏஜென்ட் வந்தது போன வருடம்

ஒடுகத்தூர்ப் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் கொல்லை. அப்பா காலத்தில் கேழ்வரகு போட்டது, கிணறு வற்றியதும் அப்படியே விட்டுவிட்டோம், பதினைந்து வருடமாக ஊர் ஆடெல்லாம் அங்கேதான். ஆடு வாய் வைக்காத ஆவாரமும் விராலியும் தவிர வேறு பச்சை கிடையாது. 2019 கோடையில் சுற்றிலும் வேலி போட்டேன். ஒரு கன்றுகூட நடவில்லை.

அந்த ஐப்பசி மழைக்கே, தரையோடு தரையாகக் கடிபட்டுக் கிடந்த கட்டைகளிலிருந்து துரிஞ்சி கிளம்பியது (அரப்புத்தூளுக்கு உருவுவார்களே, அந்த உசில்தான்). ஒன்றைச் சுற்றித் தோண்டிப் பார்த்தேன். மேலே விரல் தடிமன் இல்லாத குச்சி, கீழே வேர் என் முழங்கை கனம். எத்தனை வருடம் ஆட்டோடு மல்லுக்கட்டியதோ. களாப் புதருக்குள் பறவை எச்சத்தில் விழுந்த வேம்பும் வந்தது.

சரி, கார்பன் கதை. போன வருடம் ஒரு ஏஜென்ட் வந்தார். மரம் காற்றிலிருந்து இழுக்கிற ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஒரு கிரெடிட் (புகை விடுகிற கம்பெனிகள் காசு கொடுத்து வாங்கும் சான்று), சும்மா நிற்கிற மரத்துக்குக் காசு என்றார். நெஞ்சு உயரத்தில் டேப்பைச் சுற்றிச் சுற்றி அளந்தார். காய்ந்த எடை 100 கிலோ உள்ள மரத்தில் ஏறக்குறைய பாதி கார்பன், அதை கார்பன் டை ஆக்சைடாக மாற்ற 3.67ஆல் பெருக்கினால் 180 கிலோ சொச்சம், ஆக ஒரு கிரெடிட்டுக்கு அப்படி ஐந்தாறு மரம் வேண்டும். என்னிடம் அந்த எடைக்கு வந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். தணிக்கைச் செலவுக்கு நாலு ஏக்கர் எம்மாத்திரம், ஊரே சேர்ந்தால்தான் கட்டுமாம்.

அப்புறம் கேட்டார் பாருங்கள், "வேலி எப்போ போட்டீங்க?" 2019 என்றதும் முகம் மாறிவிட்டது. கிரெடிட் பணம் வரும் என்றுதான் வேலை நடந்தது என்று காட்ட வேண்டுமாம், காசை நினைக்காமல் முன்பே செய்தவனுக்குக் கணக்கில் இடமில்லையாம்.

அன்றைக்குக் கோபம்தான். ஆனால் விதியில் நியாயம் இருக்கிறது, எப்படியும் தானாக நடந்திருக்கக்கூடியதற்குக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. ஆஸ்திரேலியாவில் மேய்ச்சல் நிலத்தில் காட்டைத் தானாக எழும்பவிட்டதற்குக் கிரெடிட் கொடுக்கிறார்கள். அந்தத் திட்டத்தின் கண்காணிப்புக் குழுவுக்கே தலைவராக இருந்த ஆண்ட்ரூ மேக்கின்டாஷ் என்ற சட்டப் பேராசிரியர், அங்கே மரம் கூடியதற்குப் பெரும்பாலும் மழைதான் காரணம், மேய்ச்சலைக் குறைத்ததல்ல என்று 2022ல் போட்டு உடைத்தார். அரசு வைத்த மறு ஆய்வு, திட்டம் அடிப்படையில் சரி என்றது. சண்டை அதோடு ஓயவில்லை. எனக்கும் அதே சந்தேகம் உண்டு. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்ட அந்த மழை பெய்யாமல் என் துரிஞ்சி இரண்டாள் உயரம் போயிருக்குமா?

ஏஜென்ட் கேட்காத கேள்வியைக் கேட்டது பக்கத்துக் கொல்லை ஆயா. "நீ வேலி போட்டுட்ட, என் ஆடு இப்ப மலை ஏறுது. அங்க துன்னா மரம் கொறையாதா?" என்னிடம் பதில் இல்லை. இப்போதெல்லாம் சித்திரை, வைகாசியில் ஆயா துறட்டியோடு வரும், தலைக்கு மேலே உள்ள கிளையில் மட்டும் தழை இழுக்கும், ஆடெல்லாம் வேலிக்கு வெளியே கத்திக்கொண்டு நிற்கும்.