வீட்டை அடுக்கி முடித்த பிறகுதான் பக்கத்து வீட்டாரிடம் பேச வேண்டுமா?

புதுச்சாவி:
வீடு மாறி இன்றோடு மூன்று வாரம். மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை, நீளமான ஒரு கூடம். பழைய வீட்டில் சோபா, அலமாரி எல்லாம் வீட்டு உரிமையாளருடையது என்பதால் நான் கொண்டு வந்தது ஒரு கட்டில், மெத்தை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, இன்னும் பிரிக்காத புத்தகப் பெட்டிகள், அவ்வளவுதான். கூடத்தில் நின்று தொலைபேசியில் பேசினால் என் குரலே எனக்குத் திரும்பக் கேட்கிறது.

எதிர்வீட்டு அம்மா இரண்டு முறை படியில் பார்த்துச் சிரித்தார். நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். "உள்ளே வாங்க" என்று சொன்னால் உட்கார வைக்க இடம் இல்லையே என்ற கூச்சம்தான் காரணம். ஆனால் அவர் என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பாரோ என்று இப்போது மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

சோபா, சாப்பாட்டு மேசை, டிவி அலமாரி எல்லாம் சேர்ந்து ஒரே செட்டாக ஒரு கடையில் பார்த்தேன். அதை வாங்கி வீட்டை ஒரேயடியாக முடித்துவிட்டு அப்புறம் எல்லோரையும் கூப்பிடலாமா? இல்லை, இப்போதே போய்ப் பேசலாமா? மூன்று வாரம் கழித்துப் போனால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

அளவுநாடா:
செட்டை வாங்காதீர்கள். மரவேலையில் பல வருடம் இருக்கிறேன், புது வீட்டுக்காரர்கள் அதிகம் வருத்தப்படுவது முதல் மாதத்தில் அவசரமாக வாங்கிய சாமானுக்காகத்தான். கடை பெரியது, கூரை உயரம், அங்கே சின்னதாகத் தெரிகிற சோபா உங்கள் கூடத்தில் வந்து இறங்கியதும் வேறு ஆளாக இருக்கும். மூன்று பேர் உட்காரும் சோபா சுமார் 7 அடி நீளம், 3 அடி ஆழம் வரும். அந்த அளவுக்குத் தரையில் செய்தித்தாளை விரித்து ஓரத்தில் டேப் ஒட்டிவிட்டு இரண்டு நாள் அதைச் சுற்றியே நடந்து பாருங்கள், மிதிக்காமல் போக முடிகிறதா, ஜன்னலைத் திறக்க முடிகிறதா, கதவு முழுதாகத் திறக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆள் நடக்கும் வழிக்கு 75 முதல் 90 செ.மீ. விடுங்கள். சாப்பாட்டு மேசையில் ஒருவருக்கு 60 செ.மீ. அகலம் வேண்டும், நாற்காலியைப் பின்னால் இழுத்து எழுந்திருக்க அதற்குப் பின்னால் இன்னொரு 75 செ.மீ.யாவது வேண்டும். இந்தக் கடைசி அளவைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

மூன்றாவது மாடி என்கிறீர்கள். வாசல் அகலம், லிஃப்ட் இருந்தால் அதன் உட்பக்க உயரம், படி திரும்புகிற இடத்தின் அகலம், இந்த மூன்றையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். வீட்டுக்குள் அழகாகப் பொருந்தக்கூடிய அலமாரி படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு திரும்பிப் போனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பொருள். மறுபடியும் வீடு மாற வாய்ப்பு இருந்தால், மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்கிற பார்டிகிள் போர்டு வேண்டாம். தண்ணீர் பட்டால் ஊதிவிடும், ஒருமுறை கழற்றி மாட்டினால் திருகு பழையபடி பிடிக்காது. பிளைவுட் எடை கூடுதல், விலையும் கூடுதல், ஆனால் கழற்றி மாட்டத் தாங்கும். புதுப் பலகைச் சாமான்களில் ஒரு காட்டமான நெடி வரும், பசையிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடு என்ற வாயு அதில் உண்டு, வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் அது அதிகமாக வெளியேறும், அதனால் முதல் சில வாரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள். உயரமான அலமாரி எதுவானாலும் சுவரோடு சேர்த்துத் திருகிவிடுங்கள். வருகிற விருந்தாளியின் குழந்தை இழுப்பறையைப் பிடித்து ஏறினால்கூடச் சாய்ந்துவிடும்.

எதிரொலியைப் பற்றிக் கவலை வேண்டாம், திரைச்சீலையும் தரைவிரிப்பும் வந்தாலே பாதி அடங்கிவிடும்.

நடுவாசல்:
மேலே சொன்ன அளவுகளெல்லாம் சரி, ஆனால் நீங்கள் உண்மையில் கேட்டது எதிர்வீட்டு அம்மாவைப் பற்றித்தான் என்று எனக்குப் படுகிறது. போய்ப் பேசுங்கள். இன்றைக்கே. "வந்து மூன்று வாரம் ஆகிறது, சாமான் அடுக்குவதிலேயே நாள் போய்விட்டது, அன்றைக்குச் சிரித்தீர்கள், நின்று பேசவில்லை, மன்னிக்கணும்" என்று சொன்னால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் போனால்தான் இரண்டு பக்கமும் சங்கடமாக இருக்கும்.

உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடன் இருந்தவர்களும் மணமான மாணவர்கள் குடியிருந்த ஓர் அடுக்ககத்தில் செய்த ஆய்வு 1950இல் வெளிவந்தது. நெருங்கிய நண்பர்கள் யார் என்று கேட்டபோது, அடுத்த கதவில் இருந்தவரைச் சொன்னவர்கள் 41%, அதே மாடியின் மறுகோடியில் இருந்தவரைச் சொன்னவர்கள் 10% மட்டுமே. நடுவில் இருந்த தூரம் சில பத்தடிதான். கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்கு அருகே வீடு இருந்தவர்களுக்கு மேல்மாடி நண்பர்கள் கூடுதலாக இருந்தார்கள், மேலே போகிறவர்கள் அவர்கள் வாசலைத் தாண்டித்தானே போக வேண்டும். அதாவது வீடு எப்படி இருக்கிறது என்பதைவிட எத்தனை முறை எதிர்ப்படுகிறீர்கள் என்பதே கணக்கு. எதிர்ப்படும்போது கதவைச் சாத்திக்கொண்டால் அந்த வாய்ப்பும் போய்விடுகிறது, அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

உட்கார வைக்க உங்களிடம் இரண்டு நாற்காலி இருக்கிறது, ஒருவரிடம் பேச அது போதும். அவற்றைச் சுவரோரம் வரிசையாகப் போடாதீர்கள். 1950களில் உளவியலாளர் ராபர்ட் சோமர் கனடாவில் ஒரு மருத்துவமனையின் முதியோர் பிரிவில் இதைக் கவனித்தார், நாற்காலிகள் சுவரோரம் வரிசையாக இருந்தபோது யாரும் யாரோடும் அதிகம் பேசவில்லை, சின்ன மேசைகளைச் சுற்றிப் போட்ட சில வாரங்களில் பேச்சு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. உங்கள் மேசையின் மூலையில் ஒன்றுக்கொன்று செங்கோணமாக இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

கீழ்வீடு:
நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்வேன். முதல் சந்திப்பில் உள்ளே கூப்பிடவே வேண்டாம், எல்லோருக்கும் அது பிடிக்காது, வாசலில் நின்று ஐந்து நிமிடம் பேசினால் போதும். போகும்போது ஒரு கேள்வியோடு போங்கள், தண்ணீர் எந்த நேரம் வரும், குப்பையை எங்கே வைப்பது, நல்ல எலக்ட்ரீஷியன் யார் என்று. உதவி கேட்கிறவர்களிடம் ஜனங்கள் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறார்கள்.

எதிர்வீட்டை மட்டும் பார்க்காதீர்கள், உங்களுக்கு நேர் கீழே இருப்பவர்களையும் பாருங்கள். பேச்சுச் சத்தம் காற்றில் போகிறது, அதைக் கொஞ்சம் தடுத்துவிடலாம். நாற்காலி இழுக்கும் சத்தமும் குதிகால் சத்தமும் தளத்தின் வழியாகவே இறங்குகிறது, உங்களுக்கு லேசாகக் கேட்பது என்னைப் போல் கீழே இருப்பவர்களுக்கு இடி மாதிரி. என் தலைக்கு மேலே குடிவந்தவர்கள் ஒரு வருடம் இரவு பதினொரு மணிக்குக் கட்டிலை நகர்த்தினார்கள், நான் ஒரு தடவையும் போய்ச் சொல்லவில்லை, முகம் தெரியாதவரிடம் முதல் பேச்சே புகாராக இருக்கக்கூடாது என்று நினைத்தேன். அவர்களே ஒருமுறை வந்து பேசியிருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும். சுவரில் துளை போடுவதாக இருந்தால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், பகலில் ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை வேண்டாம், வயர் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகும்.

புதுச்சாவி:
எல்லோருக்கும் நன்றி. செட்டை விட்டுவிட்டேன். 7 அடிக்குச் செய்தித்தாள் விரித்துப் பார்த்தேன், பால்கனிக் கதவைத் திறக்கவே வழியில்லை. 5 அடியில் இருவர் உட்காரும் சோபாதான் பொருந்துகிறது, அதையும் அடுத்த மாதம்தான் வாங்கப் போகிறேன்.

நேற்று மாலை எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். எலக்ட்ரீஷியன் யார் என்று கேட்டேன். எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, "நீங்க ரொம்ப வேலையா இருக்கீங்கன்னு நினைச்சேம்மா" என்றார், எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அரைமணி நேரம் வாசலிலேயே நின்று பேசினோம். அப்புறம் எனக்கு நேர் கீழே இருக்கும் வீட்டுக்கும் போனேன், நாற்காலி இழுப்பது கேட்கிறதா என்று நானே கேட்டேன். முதல் நாளிலிருந்து கேட்கிறதாம். இரவு என் மேசையில் வேலை முடித்து எழுந்திருக்கும் நேரத்தைக்கூடச் சரியாகச் சொன்னார்கள். இதற்கு என்ன செய்யலாம்?

அளவுநாடா:
நாற்காலிக் கால்களுக்கு அடியில் ஃபெல்ட், அதாவது தடித்த கம்பளித்துணி மாதிரியான துண்டு, வையுங்கள். ஒட்டுகிற வகை தூசி சேர்ந்து சில மாதத்தில் பிய்ந்துவிடும், மரக்கால் என்றால் நடுவில் ஆணியோ திருகோ உள்ள வகையாகப் பார்த்து வாங்குங்கள். நான்கு காலின் அடிப்பக்க அகலத்தையும் அளந்துகொண்டு போங்கள்.