குடியுரிமை விழாவில் கொடி கொடுக்கும் டிஏஆர்: தொண்டா, குலப்பெருமையா?

டெக்சாஸ்வாசி: போன வாரம் குடியுரிமை உறுதிமொழி எடுத்தேன். வாசலில் இரண்டு வயதான அம்மாக்கள் ஆளுக்கொரு சின்னக் கொடி கொடுத்து வாழ்த்தினார்கள். டாட்டர்ஸ் ஆஃப் தி அமெரிக்கன் ரெவல்யூஷன் (டிஏஆர்) உள்ளூர்க் கிளையாம். கல்லறைக் கற்களைக் கழுவுவது, படைவீரர்களுக்குப் பெட்டி கட்டி அனுப்புவது, மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி என்று ஏதாவது செய்துகொண்டே இருக்கிறார்கள். நம் தமிழ்ச் சங்கமோ பொங்கல் விழாவோடு சரி.

எதிர்க்கட்சி: கொடி வாங்கினீர்கள், சந்தோஷம். அதில் நீங்கள் சேர முடியுமா அண்ணா? ஆண்களுக்கு இடமே இல்லை. பெண் என்றாலும், அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவியவரின் நேரடி வாரிசு என்று ஆவணம் காட்ட வேண்டும். 1939இல் பாடகி மேரியன் ஆண்டர்சன் கறுப்பினத்தவர் என்பதால் வாஷிங்டனில் உள்ள தங்கள் கான்ஸ்டிடியூஷன் ஹாலைக் கொடுக்க மறுத்தவர்கள் இவர்கள். அன்றைய அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அமைப்பை விட்டே விலகினார். ஆண்டர்சன் லிங்கன் நினைவிடத்தின் படிகளில் பாடினார், 75,000 பேர் கேட்டார்கள்.

டெக்சாஸ்வாசி: 1943இல் அதே ஹாலில் பாடினாரே, அதை ஏன் விட்டீர்கள்? குடியேறிகளுக்கு 1921 முதல் பல மொழிகளில் கையேடு போட்டதும் இவர்கள்தான்.

எதிர்க்கட்சி: ஹால் திறந்தது, உறுப்பினர் பட்டியல் திறக்கவில்லையே. வெளிப்படையாக ஒரு கறுப்பினப் பெண்ணைச் சேர்த்தது 1977இல். வாஷிங்டனில் லீனா ஃபெர்குசன் என்ற கறுப்பினப் பெண்ணைச் சேர்க்காமல் இழுத்தடித்து, 1984இல் பத்திரிகையில் நாறிய பிறகுதான் வழிவிட்டார்கள்.

ஓஹியோ அக்கா: தம்பி சொன்ன வரலாறு அத்தனையும் சரி. ஆனால் நான் இவர்களோடு கல்லறை வேலைக்குப் போகிறவள், உறுப்பினர் இல்லை. கம்பி பிரஷ், பிளீச் இரண்டையும் தொட விடமாட்டார்கள், பழைய சலவைக்கல் அரித்துவிடும். முதலில் தண்ணீர், பிறகு மென்மையான பிரஷ், டி/2 என்ற திரவம். கல் அன்றைக்கே வெளுத்துவிடாது, பாசி மெல்ல மெல்லச் சாகும். அவசரப்பட்டுச் சுரண்டினால் திட்டு விழும்! அப்புறம், அந்தப் போரில் இருந்த கறுப்பின, பூர்வகுடி ஆட்கள் 6,000 பேருக்கு மேல் தேடி எடுத்து 2008இல் பெரிய நூலாகவே போட்டார்கள்.

எதிர்க்கட்சி: நூல் நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் அமைப்பு தொடங்கியது 1890இல். அதுவரை அந்தப் பெயர்கள் எங்கே போயிருந்தன?

ஓஹியோ அக்கா: அந்தக் கேள்வியை உள்ளே இருந்து கேட்க ஆள் வேண்டாமா? என் மகள் அவள் அப்பா வழியில் சேரலாம், பிறப்பு, திருமணப் பதிவுகளைத் திரட்டிக்கொண்டிருக்கிறாள்.

எதிர்க்கட்சி: ஆக, ஒரே வீட்டில் மகள் உள்ளே, அம்மா வெளியே. நான் சொன்னதும் இதைத்தானே அக்கா? கல்லைக் கழுவ வேண்டாம் என்று யார் சொன்னது? ஊர் வரலாற்றுச் சங்கத்தோடு போய்க் கழுவுங்கள், அங்கே யார் பேத்தி என்று கேட்கமாட்டார்கள்.

ஓஹியோ அக்கா: எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்தில் வேலைக்கு வருவதும் இதே அம்மாக்கள்தான் தம்பி.

டெக்சாஸ்வாசி: அக்கா, அந்த டி/2 எங்கே கிடைக்கும்?