கலாய்க்கிறது எங்கே வம்பாகுது? கண்ணால பார்த்ததை எழுதுங்க

மல்லி:
இடைவேளை. ஆறாவது படிக்கிற பையனோட பென்சில் டப்பா கைமாறிக் கைமாறிப் பறக்குது. நடுவுல அவன் ஓடுறான். சுத்தி எட்டுப் பேரு, ஒரே சிரிப்பு. ஒரு பொண்ணு வந்தா, யாரையும் திட்டல. "டேய், உன்ன டீச்சர் கூப்பிடுறாங்க, வா"ன்னு கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டா. டீச்சர் கூப்பிடவே இல்ல! துரத்த ஆள் இல்லாம டப்பாவோட நின்னவன் முகத்தைப் பார்க்கணுமே. கொஞ்ச நேரத்துல டப்பா பெஞ்சுக்கு வந்துடுச்சு.

கதிர்77:
இது ஒரு நாளைக்குத்தான். பளார்னு ஒண்ணு விட்டிருந்தா அப்புறம் கிட்டயே வரமாட்டான்.

பழைய வாத்தியார்:
கதிர், அப்படி அறையுறவன்தான் கடைசியில தலைமை ஆசிரியர் முன்னாடி நிப்பான். மாசக்கணக்குல சீண்டினது யாருக்கும் தெரியாது, அறை மட்டும் எல்லார் கண்ணுலயும் படும். பள்ளி வம்பை ஆராய்ஞ்ச உளவியலாளர் டான் ஓல்வேயஸ், வம்புக்குச் சொன்ன மூணு அடையாளம் இருக்கே: வேணும்னே செய்யுறது, திரும்பத் திரும்பச் செய்யுறது, ஒரு பக்கம் பலம் கூடுதலா இருக்கிறது. அந்த மூணாவதாலதான் திருப்பி அடிக்கிறது எடுபடாது. மல்லி சொன்னதுக்குக் கணக்கே இருக்கு. கனடாவில் பள்ளி மைதானத்தைப் படம்பிடிச்சுப் பார்த்து 2001-ல வந்த ஆய்வுல, கூட இருந்த பிள்ளைங்க குறுக்கிட்டதுல பாதிக்கு மேல 10 வினாடிக்குள்ள அடங்கிடுச்சு.

பெரியவங்களுக்கு ஒண்ணு: ரெண்டு பேரையும் நிக்கவெச்சு "கை குடுத்துக்கோங்க"ன்னு முடிக்காதீங்க. மிரட்டுறவன் பக்கத்துல நிக்கும்போது எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? தனித்தனியா கேளுங்க.

நிலா:
மைதானத்தை விடுங்க, இப்ப எல்லாம் வாட்ஸ்அப்தான். ஒரு பொண்ணு போட்டோவை ஸ்டிக்கராக்கி வகுப்புக் குரூப்புல விட்டாங்க. அழுதுகிட்டே மொத்த சாட் மெசேஜையும் அழிச்சுட்டா. மறுநாள் பள்ளியில காட்ட ஒண்ணுமே இல்ல.

வரிசை முக்கியம்: முதல்ல ஸ்கிரீன்ஷாட், அப்புறம் ரிப்போர்ட், பிளாக், கடைசியில குரூப்பை விட்டு வெளிய. தேதி, நேரம் தெரியணும். பேரை யாரும் எப்படியும் சேமிச்சுக்கலாம், அதனால புரொஃபைலைத் திறந்து நம்பரையும் எடுங்க. கெட்ட வார்த்தையில பதில் போடாதீங்க, அது அவங்க ஸ்கிரீன்ஷாட்டாகிடும். அந்தரங்கப் படம்னா மட்டும் ஆதாரத்துக்குன்னுகூட யாருக்கும் அனுப்பக் கூடாது, நம்பகமான பெரியவங்ககிட்ட உடனே சொல்லுங்க. நோட்டுல எந்த நாள், எந்த இடம், சொன்ன வார்த்தை, பக்கத்துல யாருன்னு ரெண்டு வரி எழுதி வைங்க. "விளையாட்டுதானே"ன்னு ஒருத்தர் தள்ளிவிட்டா அடுத்த ஆள்கிட்ட போங்க.

கதிர்77:
சரி, அந்தப் பொண்ணு அவனை எங்க கூட்டிட்டுப் போனா?

மல்லி:
தண்ணிக் குழாய்க்கு. மணி அடிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் அங்கதான் நின்னாங்க.