‘தடுப்பு’ என்னும் ஒரே சொல் போதுமா? உயரப் பணிக் கருவிகளுக்கான கலைச்சொற்கள்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புடையீர், வணக்கம். உயரத்தில் பணி செய்வோருக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழில் பெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். நானோ முதல் அத்தியாயத்தின் தலைப்பிலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

மூலநூல் இருவகை ஏற்பாடுகளைக் கவனமாகப் பிரிக்கிறது. கயிற்றின் நீளத்தை அளந்து கட்டி, பணியாளர் விளிம்புக்கே போக முடியாதபடி செய்வது ஒன்று. அவர் விழக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டு, விழுந்தவரைத் தரையில் மோதும் முன் நிறுத்துவது மற்றொன்று. பழைய மொழிபெயர்ப்பு இரண்டையும் ‘வீழ்ச்சித் தடுப்பு’ என்றே எழுதிச் செல்கிறது. வரவிருப்பதை வராமல் செய்வதும் தடுத்தல்தான், வந்துவிட்டதை நிறுத்துவதும் தடுத்தல்தான் என்பதால் இலக்கணப்படி அதில் பிழையில்லை.

ஆனால் இரண்டாவது ஏற்பாட்டுக்குக் கீழே வெற்றிடம் வேண்டும். கயிறு 2 மீட்டர். விழும் விசையைத் தணிக்க அக்கயிற்றோடு சேர்த்திருக்கும், மடித்துத் தைத்த பொதி பிரிந்து நீள்வது 1.75 மீட்டர் வரை. கயிற்றை மாட்டும் முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஏறத்தாழ 1.5 மீட்டர், பாதுகாப்புக்கு மிச்சமாக ஒரு மீட்டர். ஆகக் கட்டிய இடத்துக்குக் கீழே 6.25 மீட்டர் தேவை. தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் நின்று, காலடியில் கொக்கியை மாட்டிக்கொண்டவர் தவறினால், பொதி பிரிந்துகொண்டிருக்கும்போதே தரையில் மோதுவார். ‘தடுப்பு’ என்று படித்தவருக்கு இது எப்படித் தெரியும்? உடலில் அணியும் வாருக்கும், கயிற்றுக்கும், அதைக் கட்டும் இடத்துக்கும்கூடச் சொற்களைப் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

அம்மையாரின் ஐயம் நியாயமானது. இரண்டாவது ஏற்பாட்டுக்கு ‘வீழ்தடை’ என்பது என் முன்மொழிவு. அது வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது. ‘வீழ்த்தடை’ என்று அச்சிட்டுவிடாதீர்கள். வீழ்தல் என்பதற்கு விரும்புதல் என்றும் பொருளுண்டு என்பதை இங்கே நினைவூட்டுவது என் கடமை. ‘தாம்வீழ்வார்’ என்று வள்ளுவர் சொன்னது காதலரைத்தான். கூரையிலிருந்து தவறியவரை அன்று. ஆலமரத்தின் விழுதுக்கும் ‘வீழ்’ என்று பெயர்: கீழ்நோக்கி வீழ்வது, பின்னர் மரத்தையே தாங்குகிறது. நம் கருவிக்கு இதனினும் பொருத்தமான உருவகம் கிடைக்குமா?

உடலில் அணிவதற்கு ‘மெய்யாப்பு’ என்று சொல்லலாம். யாத்தல் என்றால் கட்டுதல். எலும்பும் நரம்பும் தசையும் கொண்டு யாக்கப்பட்டதால் உடலுக்கு யாக்கை என்று பெயர் வந்தது என்பர். செய்யுளைக் கட்டும் முறையும் யாப்புதான். நம் செய்யுளியல் முழுவதுமே கயிற்றுக்காரனின் சொற்களால் ஆனது என்பதை யாரும் கவனிப்பதில்லை: யாப்பு கட்டுவது, தளை பிணைப்பது, தொடை தொடுப்பது. ஈராயிரம் ஆண்டுகளாகக் கட்டுதலுக்கு இத்தனை சொற்கள் வைத்திருக்கும் மொழி, ஒரு வாருக்குப் பெயரின்றி ‘ஹார்னஸ்’ என்று எழுதுவதா?

பாதுகாப்புப் பயிற்றுநர் எழுதியது:

ஐயா அவர்களின் புலமைக்கு வணக்கம். என் வகுப்பில் முன்வரிசையில் இருப்பவரிடம் ‘மெய்யாப்பு’ என்று எழுதிக் காட்டினேன். அவர் அதை மெய் + ஆப்பு என்று பிரித்து, ‘உண்மையிலேயே ஆப்புதானா?’ என்று கேட்டார். புணர்ச்சி விதிப்படி அவர் பிரித்ததும் சரியே என்று அஞ்சுகிறேன்.

பணியிடத்தில் வழங்கும் சொல் ‘பெல்ட்’. சிக்கல் அது ஆங்கிலச் சொல் என்பதில் இல்லை; அது இடுப்பை மட்டும் நினைவூட்டுகிறது என்பதில்தான் இருக்கிறது. இடுப்பில் மட்டும் கட்டிய வார், விழுந்தவரை நிறுத்தும்போது முழு விசையையும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறக்குகிறது. சில நேரங்களில் ஆளே அதிலிருந்து நழுவிவிடுகிறார். அமெரிக்க விதிகளின்படி 1998 ஜனவரி 1 முதல், விழுந்தவரை நிறுத்தும் ஏற்பாட்டில் இடுப்பு வார் ஏற்கப்படுவதில்லை. ஆனால் ‘பெல்ட் போடு’ என்று சொன்னால், தொடை வார்களைத் தொங்கவிட்டு இடுப்புக் கொளுவியை மட்டும் பூட்டிக்கொண்டு வருபவர்களை நான் இன்றும் காண்கிறேன். இதே காரணத்தால் ‘கச்சை’யும் வேண்டாம். கச்சை கட்டுவது இடுப்பில்தான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

‘தோள்தொடை வார்’ என்று வைத்துக்கொள்ளலாமே. அழகில்லைதான். ஆனால் எங்கெங்கே பூட்ட வேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. ஐயாவின் செய்யுள் தொடையும் அதில் இருக்கிறது.

இரண்டாவது ஏற்பாட்டுக்கு ‘தடை’யும் வேண்டாம், ‘தடுப்பு’ம் வேண்டாம். கீழே விழும் ஒன்றைக் கையில் வாங்குவதை ஏந்துதல் என்கிறோம். ‘வீழ்ச்சி ஏந்தி’ என்றால், விழுவது முதலில் நடக்கும், ஏந்துவது பிறகு நடக்கும் என்ற வரிசை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

‘ஏந்தி’ எனக்குப் பிடித்திருக்கிறது. முதல் ஏற்பாட்டுக்கு ‘எட்டாக் கயிறு’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் ‘எட்டாக் கனி’ நினைவுக்கு வந்து, கயிறே கைக்கு எட்டாது என்று பொருள் கொள்வார்களோ என்று தயங்குகிறேன். ‘விளிம்பு எட்டாக் கயிறு’ என்றால் தெளிவாகிறதா?

விசையைத் தணிக்கும் பொதிக்கு ‘அதிர்வு உறிஞ்சி’ என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதியிருக்கிறார். அதில் உறிஞ்சுதலே நிகழ்வதில்லை. மடித்துத் தைத்த வாரின் தையல்கள் வரிசையாகக் கிழிந்து, உடலின் மேல் விழும் விசையை 6 கிலோநியூட்டனுக்குள் வைத்திருக்கின்றன. ஐரோப்பியத் தரம் விதிக்கும் வரம்பு அது. ஏறத்தாழ 600 கிலோ எடை தொங்கினால் உண்டாகும் இழுவிசை. பெயரில் கிழிதல் இருந்தால், ஒருமுறை கிழிந்த பொதியை மறுபடி மாட்டக் கூடாது என்பதும் உடன் வரும். ‘கிழிபொதி’ என்பதை ஏற்பீர்களா?

இலக்கண ஆசிரியர் எழுதியது:

‘கிழிபொதி’ வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் பொருந்தும். அதுதான் அதன் குறையும். கிழிந்த பொதியா, இனிக் கிழியும் பொதியா என்பது அதில் தெரியவில்லை. கிழிந்ததை விலக்க வேண்டும், கிழியாததை அணிய வேண்டும் என்றிருக்க, இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் அம்மையார் முதல் மடலில் சொன்ன குறையே திரும்பி வருகிறது. ‘விசையாற்றி’ என்று சொல்லுங்கள். ஆற்றுதல் தணித்தல்.

‘ஏந்தி’யை நான் ஏற்கவில்லை. தீப்பந்தம் ஏந்தி, வாள் ஏந்தி என்று வினையெச்சமாகவே அது காதில் விழுகிறது. ‘வீழ்ச்சி ஏந்தி’ என்று வாசித்தவர், ஏந்தி என்ன செய்தான் என்று அடுத்த சொல்லைத் தேடுவார்.

கட்டும் இடத்துக்கு ‘நங்கூரம்’ என்று எழுதும் வழக்கத்தையும் மறுக்கிறேன். ‘மதலை’ என்ற சொல் இருக்கிறது. தூண், பற்றுக்கோடு என்று பொருள். ‘மதலையாஞ் சார்பிலார்க்கு இல்லை நிலை’ என்னும் அடியை விளிம்பில் நிற்பவருக்கு எழுதிய எச்சரிக்கையாகவே வாசிக்கலாம்.

பாதுகாப்புப் பயிற்றுநர் எழுதியது:

மதலை என்றால் குழந்தை என்றும் பொருளுண்டே, ஐயா. ‘கொக்கியை மதலையில் மாட்டு’ என்று அச்சிட எனக்குத் துணிவில்லை.

நங்கூரத்தை மறுப்பதில் மட்டும் நான் உங்கள் பக்கம். நங்கூரம் கீழே இறக்குவது. நாம் கட்டுவதோ இயன்றவரை தலைக்கு மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் விழும் தூரம் குறையும். நேர் மேலே இல்லாமல் பக்கவாட்டில் கட்டினால், விழுந்தவர் ஊசல்போல் ஆடிச் சுவரில் மோதுவார். ‘பிடிமானம்’ என்றால் யாருக்கும் விளங்கும். கைப்பிடிக் கம்பியும் தண்ணீர்க் குழாயும் பிடிமானம் ஆகா என்பதையும் அதே சொல்லில் சொல்லிவிடலாம்.

கயிற்றுக்குத் ‘தும்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை அழகாகப் பொருந்துகிறதுதான். ஆனாலும் பணியாளரைத் தொழுவத்தில் கட்ட வேண்டாம். ‘இணைப்புக் கயிறு’ போதும். கொக்கி கொக்கியாகவே இருக்கட்டும்.

மற்றோர் உறுப்பினர் எழுதியது:

எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டுமா? ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்று தொல்காப்பியரே இடம் கொடுத்திருக்கிறார். ஹார்னஸ் என்று எழுதி, படத்தைப் பக்கத்தில் போட்டால் எவரும் தவறாக அணியப் போவதில்லை.

பாதுகாப்புப் பயிற்றுநர் எழுதியது:

படம் போட்ட கையேட்டைப் படித்தவர்கள்தாம் தொடை வாரைத் தொங்கவிட்டு வருகிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நாளை காலை கோப்பை அனுப்பியாக வேண்டும். பெரும்பான்மையைக் கணக்கிட்டேன், பலர் கருத்துச் சொல்லிக் களைத்துப்போய் விலகிவிட்டதால், அது நால்வரின் பெரும்பான்மைதான். ‘தோள்தொடை வார்’, ‘இணைப்புக் கயிறு’, ‘பிடிமானம்’, ‘விசையாற்றி’, ‘விளிம்பு எட்டாக் கயிறு’ ஆகியவை நூலில் இடம்பெறுகின்றன. கிழிந்த விசையாற்றியை மீண்டும் பயன்படுத்தக் கூடாது என்பதைத் தனி வாக்கியமாகவே எழுதிவிட்டேன்; எல்லாச் சுமையையும் பெயரின் தலையில் ஏற்ற முடியாது.

‘ஏந்தி’க்கு இரண்டு வாக்கு, ‘வீழ்தடை’க்கு இரண்டு வாக்கு. எச்சமாக ஒலிப்பதைத் தவிர்க்க, ‘வீழ்ச்சி ஏந்தும் அமைப்பு’ என்று நீட்டி எழுதியிருக்கிறேன். விழுந்து தொங்குபவருக்குத் தொடை வார்கள் அழுத்தி, இரத்தம் கால்களில் தேங்கி, உயிருக்கே கேடு வரக்கூடும். ஆகவே அவரைக் காலம் தாழ்த்தாமல் இறக்க வேண்டும். இந்நிலைக்கு இன்னும் பெயர் கிட்டவில்லை. இப்போதைக்கு ‘தொங்குநிலைக் கேடு’ என்று இருக்கிறது; இன்றிரவுக்குள் யாராவது மாற்றுச் சொன்னால் திருத்துவேன்.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

‘எட்டாக் கயிறு’ என்பதில் ககர ஒற்றை அச்சுக்கோப்பவர் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ‘ஏந்தும்’ என்பதற்கு என் மறுப்பு அப்படியே நிற்கிறது. ‘மெய்யாப்பு’ என்னும் என் முன்மொழிவையும் நான் திரும்பப் பெறவில்லை. அதை ஆப்பு என்று பிரித்தது சொல்லின் குற்றமன்று.