லினக்ஸில ரெண்டு மொனிட்டர் போட்ட ஆக்கள் அனுபவத்தைச் சொல்லுங்கோ

வெள்ளவத்தை வாசி:
என்ர லப்டொப் 14 இஞ்சி 4கே, பக்கத்தில இருக்கிறது கொழும்பு யூனிட்டி பிளாசாவில எடுத்த செகண்ட்ஹேண்ட் 24 இஞ்சி, வெறும் 1080. எக்ஸ்11ல, அதாவது லினக்ஸில திரையில படம் காட்டுற பழைய முறையில, மொத்த டெஸ்க்டொப்புக்கும் ஒரே டிபிஐ (இஞ்சிக்கு எத்தினை புள்ளி எண்ட கணக்கு) தான், லப்டொப்பில வாசிக்கிற அளவுக்கு எழுத்தைப் பெருப்பிச்சா மற்றதில மெனு எல்லாம் எலெக்ஷன் போஸ்டர் மாதிரி வந்து நிக்கும். எக்ஸ்ராண்டர் எண்ட கட்டளையில ஸ்கேல் குடுத்து சமாளிக்கலாம் எண்டுவினம், சமாளிக்கலாம் தான், ஆனா 1080 மொனிட்டருக்கும் 4கே அளவில படத்தைக் கீறிப்போட்டு பிறகு சுருக்கிறதால கிராஃபிக்ஸுக்கு சும்மா வேலை, எழுத்தும் மங்கல். கடைசியா கேடிஇ பிளாஸ்மா 6 எண்ட டெஸ்க்டொப்புக்கு மாறினன், 2024ல வந்தது, எக்ஸ்11க்குப் பதிலா வந்த வேலண்ட் தான் அதில டீஃபோல்ட். ஸ்கேலை லப்டொப்புக்கு 200 வீதம், மற்றதுக்கு 100 எண்டு தனித்தனியா வச்சிட்டு விண்டோவை இழுத்தா எல்லை தாண்டேக்க அதுவாவே அளவு மாறுது, வேலை இல்லாட்டியும் இழுத்து இழுத்துப் பாத்துக்கொண்டிருந்தன்.

தெஹிவளையாள்:
அண்ணா, எனக்கு ரெண்டும் ஒரே சைஸ், ஆனா ஒண்டை நெடுக்கா நிமித்தி வச்சிருக்கிறன், நீளமான கோட் வாசிக்க சோக்கா இருக்கும். ஓடுறது உபுண்டு லினக்ஸ், க்னோம் டெஸ்க்டொப். திருப்பின உடனே தமிழ் எழுத்தின்ர ஓரத்தில சிவப்பும் நீலமும் கசியத் தொடங்கிச்சு, ‘ஞ’, ‘ணை’ சுழியெல்லாம் கண்ணைக் குத்துது. மொனிட்டரில பிழையில்ல. எழுத்தின்ர ஓரத்தை மழுப்பிற சப்பிக்சல் ஸ்மூதிங் எண்டது திரையின்ர ஒவ்வொரு புள்ளிக்குள்ளயும் சிவப்பு, பச்சை, நீலம் இடமிருந்து வலமா நிக்குது எண்டு நம்பி வேலை செய்யிறது, நிமித்தினா அந்த வரிசை மேல கீழ போயிடும். ட்வீக்ஸ் எண்ட செட்டிங் அப்பில ஃபொன்ட்ஸ் பக்கத்தில கிரேஸ்கேலுக்கு (நிறமில்லாத சாம்பல் முறை) மாத்த கசிவு நிண்டிட்டுது.

அதைவிடக் கரைச்சல் லொகின் ஸ்கிரீன். உள்ளுக்க எல்லாம் நேர், பாஸ்வேர்ட் கேக்கிற இடம் மட்டும் படுத்துக் கிடக்கும், கழுத்தைச் சரிச்சுக்கொண்டு ரைப் பண்ணோணும்! லொகின் ஸ்கிரீனைக் காட்டுற ஜிடிஎம் எண்ட புரோகிராம் வேற யூசரா ஓடுறதால எங்கட செட்டிங் அதுக்குத் தெரியாது. ஹோமில கொன்ஃபிக் ஃபோல்டருக்குள்ள மொனிட்டர்ஸ் எண்டு ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் கிடக்கு, அதை ஜிடிஎம்மின்ர கொன்ஃபிக் ஃபோல்டருக்குக் கொப்பி பண்ணினா அதுவும் எழும்பி நிக்கும்.

கொட்டாஞ்சேனை பெடியன்:
டொக், அதாவது லப்டொப்போட மொனிட்டரெல்லாம் இணைக்கிற பெட்டி, வாங்கிற ஆக்கள் கவனம். யூஎஸ்பி சி போர்ட்டால டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலே நேரா வாற டொக் ஒரு வகை, அதுக்கு டிரைவரே தேவையில்ல. மற்ற வகை படத்தைச் சுருக்கி யூஎஸ்பி டேட்டாவா அனுப்பும், அதுக்கு லினக்ஸின்ர கருவான கேர்னலோட சேர்ற ஈவிடிஐ எண்ட மொடியூல் வேணும், சைன் இல்லாததை ஓட விடாத செக்யூர் பூட் ஓன் எண்டா அதை சைன் வேற பண்ணோணும். ஒஃபிஸில எனக்குத் தந்தது ரெண்டாவது, கேர்னல் அப்டேட் ஆகி அடுத்த நாள் காலமை பாத்தா ரெண்டு மொனிட்டரும் கறுப்பு, அண்டைக்கெண்டு டெமோ. கடைக்காரருக்கும் வித்தியாசம் தெரியாட்டி லப்டொப்பைக் கொண்டுபோய் அங்கேயே குத்திப் பாத்திட்டுக் காசைக் குடுங்கோ.