கண்ணாடி போடுபவருக்கு எந்த க்ளோஸ்டு-பேக் (கப்பின் வெளிப்பக்கம் மூடிய) ஹெட்போன்: டிடி 770 ப்ரோ, எம்50எக்ஸ், 7506?

மெல்லொலி:
குரல் பதிவு, பிறகு அதே ஹெட்போனில் முதற்கட்ட மிக்ஸிங். ஒரே மூச்சில் மூன்று நான்கு மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும், கண்ணாடியைக் கழற்ற முடியாது. மைக்கில் கிளிக் ட்ராக் (தாளம் பிடிக்க ஓடும் 'டிக்' சத்தம்) ஒழுகக் கூடாது, பேஸ் அளவை நம்பி முடிவெடுக்க முடிய வேண்டும். இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) யூஎஸ்பி மின்சாரத்தில் ஓடும் சின்ன ரகம். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ், சோனி எம்டிஆர்-7506 மூன்றில் எது? டிடி 770 என்றால் 32, 80, 250 ஓமில் எதை எடுப்பது?

அலைவரிசை:
முதலில் ஓம் (மின்தடை) கணக்கு. டிடி 770-ன் உணர்திறன் ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபெல். உச்ச இடங்களில் 110 டெசிபெல் வர 25 மில்லிவாட் வேண்டும். 80 ஓமில் அதற்கு 1.4 வோல்ட், 250 ஓமில் 2.5 வோல்ட். யூஎஸ்பியை மட்டும் நம்பும் சின்ன இன்டர்ஃபேஸ் பலவற்றால் 2.5 வோல்ட் தர முடியாது. குமிழை முழுக்கத் திருகியும் சத்தம் போதாது. 32 ஓமில் சிக்கல் வேறு. இன்டர்ஃபேஸின் அவுட்புட் இம்பீடன்ஸ் (அதன் ஹெட்போன் வெளியீட்டின் மின்தடை), ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. அதாவது 4 ஓமுக்குள். சின்ன ரகங்களில் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே 80. (சோனி 63 ஓம், 106 டெசிபெல் என்பதால் 0.4 வோல்ட்டே போதும்.)

ஒலியைப் பொறுத்தவரை, 1991-லிருந்து வரும் 7506 குறை கண்டுபிடிக்கும் கருவி. மூச்சு, நாக்குச் சத்தம், வெட்டி ஒட்டிய இடம் எல்லாம் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். எம்50எக்ஸில் பேஸ் தூக்கலாக இருப்பதால், அதை நம்பிக் குறைத்தால் பாட்டு ஸ்பீக்கரில் மெலிந்து போகும். டிடி 770-ல் அடி பேஸும் கூடுதல், 8 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒரு முகடும் உண்டு. 'ஸ' ஒலி குத்துகிறதே என்று டீ-எஸ்ஸரை ('ஸ' ஒலியைத் தணிக்கும் கருவி) அழுத்தினால் குரல் மங்கிவிடும். மானிட்டர் பாதையில் (நீங்கள் கேட்கும் ஒலியில்) மட்டும் ஒரு ஈக்யூ போட்டு, அந்த முகட்டில் 4 டெசிபெல் இறக்கி, க்யூ (இறக்கும் பட்டை எவ்வளவு குறுகல் என்ற அளவு) 3-ல் தொடங்குங்கள். முகடு ஒவ்வொரு காதுக்கும் கொஞ்சம் நகரும், ஸ்வீப் (அதிர்வெண் மெல்ல ஏறும் ஒலி) ஓட்டிச் சரியான இடத்தைப் பிடியுங்கள். எக்ஸ்போர்ட்டுக்கு முன் அதை அணைக்க மறக்காதீர்கள்.

எதிரொலி:
மேலே சொன்னது காதுமெத்தை ஒட்டி உட்கார்ந்தால்தான் பொருந்தும். கண்ணாடிக் கால் மெத்தையைத் தூக்கினால் இடைவெளி விழும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் வடிந்துவிடும், அதே வழியாகக் கிளிக்கும் வெளியேறும். சோதிப்பது எளிது: 40 ஹெர்ட்ஸ் சைன் அலையைச் சன்னமாக ஓடவிட்டு இரு கப்களையும் கையால் அழுத்துங்கள். ஒலி பெருத்தால் சீல் இல்லை, அதாவது மெத்தை இடைவெளியில்லாமல் ஒட்டவில்லை என்று அர்த்தம். கண்ணாடியோடும் இல்லாமலும் செய்து பாருங்கள்.

80 ஓம் டிடி 770-ன் வெல்வெட் மெத்தை கண்ணாடிக் காலைச் சுற்றி அமுங்கிக்கொள்ளும். மற்ற இரண்டின் செயற்கைத் தோல் அந்த அளவுக்கு வளைந்து கொடுக்காது. எடையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். 7506 சுமார் 230 கிராம், டிடி 770 சுமார் 270, எம்50எக்ஸ் சுமார் 285. ஆனால் நீண்ட நேரத்துக்கு மோசமானது லேசான 7506-தான். மெத்தை ஆழம் குறைவு, காது மடல் உள்ளே முட்டி வலிக்கும். எம்50எக்ஸின் காதுமெத்தை வாய் குறுகல், பெரிய காதுகள் நசுங்கும், வேர்க்கும். ஒலித்தடுப்பை மட்டும் பார்த்து சென்ஹைசர் எச்டி 280 ப்ரோ பக்கம் போகாதீர்கள். அதன் பிடி இறுக்கம், கண்ணாடிக் காலைப் பொட்டில் அழுத்தும்.

மெல்லொலி:
எம்50எக்ஸுக்கு வெல்வெட் மெத்தை மாட்டினால் சரியாகுமா?

அலைவரிசை:
உடம்புக்குச் சுகம், ஒலிக்கு இல்லை. துணி வழியாகக் காற்று கசிவதால் பேஸ் இறங்கும், ட்ரெபிள் முன்னால் வரும். 7506-ல் தடித்த மெத்தை போட்டாலும் ட்ரைவருக்கும் காதுக்கும் தூரம் கூடி டோன் மாறும். அளவீடு, ஈக்யூ எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டும்.

எதிரொலி:
ஆம், 80 ஓம் டிடி 770-தான். வெல்வெட்டிலும் கொஞ்சம் கசியும் என்பதால் கிளிக்கைக் கவனியுங்கள். கூர்மையான 'டிக்'குக்குப் பதிலாக மந்தமான சத்தம் வைத்து, 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடுங்கள். கடைசி ஸ்வரம் நீளும் இடத்தில் கிளிக்கை ஆட்டோமேஷனில் மௌனமாக்குங்கள். பாடுபவர் ஒரு காதைத் திறந்து வைப்பவரானால் எல்லா ஒலியையும் மறுபக்கத்துக்கு பேன் செய்யுங்கள் (அந்தப் பக்கமே ஒதுக்குங்கள்), திறந்த கப் ஊமையாக இருக்கட்டும்.

கேபிள் 3 மீட்டர், கழற்ற முடியாது. நாற்காலிச் சக்கரம் ஏறினால் சால்டரிங்தான் வழி. மேசைக் காலில் ஒரு சுற்றுக் கட்டிவிடுங்கள்.